ராஜாக்களின் மேல் மூன்று சுற்று

அம்மிணி, உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தாலி கட்டிய நாளிலிருந்து அம்மிணிதான். நீயும் என்னை 'ஏனுங்க' என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் திகைப்பு விடவில்லை. ஒரு மத்தியானம் மலைமேல் இருந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒன்பதாம் நாள் நீ இல்லை. ஊர் பார்க்கப் போய் யாராவது சாவார்களா?

படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அழகாகச் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நெசவுத் தெருவில் பிறந்தவன் நான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அரை மணியில் எழுந்து ஓடுவேன். அப்பா அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் சேலத்தில் இருந்த மாமா ஒருவர் என்னை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய், காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் தட்டுக் கழுவச் சேர்த்துவிட்டார். நாலைந்து வருஷத்தில் சமையல் முழுக்க என் கைக்கு வந்தது. ஊருக்குப் போனால் 'குசினிக்காரன் வாரான்' என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு, துரை வீட்டில் என்ன தின்கிறார்கள் என்று பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்பார்கள்.

கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷம் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதம் இருந்தான். அவனைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் இதை முடிக்க மாட்டேன். வெண்ணந்தூரில் ஒரு எழவுக்குப் போய்விட்டு, தலை முழுகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி அவனைத் தூக்கிக் கொஞ்சினாள். மறுநாள் குழந்தைக்கு இழுப்பு வந்தது. அதற்கு அடுத்த நாள் போய்விட்டான். அந்தத் தீட்டுதான் கொண்டுபோனது என்று அம்மிணி நம்பினாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அதன்பிறகு எழவு நடந்த தெரு வழியாக வந்தால்கூட அவள் குளிக்காமல் ஒரு குழந்தையைத் தொடமாட்டாள்.

அந்த வருஷமே துரைசானிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஒரு ஆயா வேண்டும் என்றார்கள். நான் அம்மிணியை மலைக்கு அழைத்துவந்தேன். முதல் நாள் அந்த வெள்ளைக் குழந்தையைக் கையில் வாங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஒரே வாரத்தில் அது அவளிடம்தான் தூங்கும், அவளிடம்தான் பால் குடிக்கும். அவள் அதை 'எஞ்சாமி' என்பாள். துரைசானியும் அதைக் கேட்டுக் கேட்டுத் தன் பிள்ளையை 'சாமி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

துரைசானியின் அம்மா, பிரெஞ்சுக்காரர் தேசத்தில் கடற்கரையோரம் ஒரு ஊரில் வீடு எடுத்து இருந்தார். பேரனைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆயா இல்லாமல் குழந்தை இருக்காது. நான் இல்லாமல் ஆயா வரமாட்டாள். இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் கப்பல் ஏறினோம். கப்பலில் குழந்தை மட்டும் வாந்தி எடுக்கவில்லை.

நாங்கள் போனது அங்கே குளிர்காலம். ஏற்காட்டுக் குளிர் பழகியவர்கள்தான் நாங்கள். ஆனால் இது வேறு குளிர். காற்று கடலிலிருந்து வந்து எலும்பைத் தடவிப் பார்க்கும். அம்மிணிக்குப் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றைத் துரைசானி கொடுத்திருந்தார். சேலைமேல் அதைப் போட்டுக்கொண்டு, கான்வாஸ் செருப்பும் மாட்டிக்கொண்டு நடந்தால், எதிரில் வருகிற எல்லோரும் நின்று பார்ப்பார்கள். "என்னத்தப் பாக்கறாங்களோ, எனக்கென்ன ரெண்டு மூக்கா இருக்குது?" என்பாள்.

அந்த ஊரிலிருந்து பார்த்தால், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய பாறை தெரியும். பாறைமேல் ஒரு ஊர். அதுதான் மொனாக்கோ என்ற தனி நாட்டின் பழைய ஊர் என்றும், ராஜா அரண்மனை அங்கே இருக்கிறது என்றும் துரைசானி சொன்னார். ஒரு வியாழக்கிழமை பாட்டியம்மா பேரனைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, எங்களுக்கு மத்தியானத்துக்குமேல் விடுமுறை கொடுத்தார்கள். குழந்தைக்கு ஐந்து மணிப் பால் கொடுக்க ஆயா வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மிணிக்குப் போக மனமில்லை. "நாலு நாளாத் தூக்கமில்லீங்க, கொஞ்சம் கண்ண மூடறேனே" என்றாள். நான்தான் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்து ராஜா ஊட்டப் பாக்காமப் போனா நம்ம தெருவுல சிரிப்பாங்க புள்ள" என்றேன். இதையும் எழுதிவிட வேண்டும். நான்தான் இழுத்துப் போனேன்.

பஸ்ஸில் இறங்கி, செங்கல் பாவிய அகலமான படிகளில் ஏறினோம். இடையிடையே கோட்டை வாசல் மாதிரி வளைவுகள். சங்ககிரிக் கோட்டைக்குச் சின்ன வயதில் ஏறியது ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே குரங்கும் முள்ளும்தான். இங்கே படியெல்லாம் கழுவி விட்டதுபோல் இருந்தது. மேலே போனதும் ஒரு பெரிய வெளி. ஒரு பக்கம் அரண்மனை. முன்னால் பழைய பீரங்கிகள், அவற்றின் பக்கத்தில் இரும்புக் குண்டுகளைச் சந்தையில் எலுமிச்சம்பழம் அடுக்குவதுபோலக் கூம்பாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு சிப்பாய், ஒரு பெட்டிக்குள் கண் சிமிட்டாமல் நின்றான்.

அம்மிணி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். "ஏனுங்க, இவருக்கு எப்பச் சோறு போடுவாங்க?"

"போடுவாங்க, போடுவாங்க. ராஜா சாப்ட்ட பொறவு."

வெளியின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தோம். ஒரு பக்கம் துறைமுகம், வெள்ளைப் படகுகள். மறுபக்கம் கடல். பின்னால் மொட்டைமலை. இடையில் இருந்த கொஞ்சம் வீடுகளைக் காட்டி, இவ்வளவுதான் நாடு என்றேன்.

"இது பூராத்துக்கும் ஒரு ராஜாவா?"

"ஆமா. தனி நாடு. தனிக் கொடி."

"நம்ம ஊருல இருந்து வெண்ணந்தூருக்குப் போற தூரங்கூட இல்லீங்களே! ராஜா காத்தால பல்லு வெளக்கிட்டே ஒரு நடை பாத்துட்டு வந்துருவாரு."

அவள் அன்று சிரித்தாள். பிள்ளை போனபிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான். கூட்டி வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சந்துகள் எல்லாம் குறுகல். இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே போக முடியாது. வீடுகள் மஞ்சளும் காவியுமாக, ஜன்னல் கதவுகள் பச்சையாக இருந்தன. ஒரு ஜன்னலில் ஒரு கிழவி தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மிணியைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அம்மிணி அவளைக் கும்பிட்டாள். கிழவியும் தலையணையோடு சேர்த்துக் கும்பிட்டாள்.

ஒரு திருப்பத்தில் பால் வெள்ளைக் கல்லில் கட்டிய பெரிய மாதா கோயில் இருந்தது. "உள்ள போலாமுங்க" என்று முதலில் சொன்னது அவள்தான். எந்தச் சாமியாக இருந்தாலும் சாமிதான் அவளுக்கு. போன பிள்ளைக்காக ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்றாள்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினோம். காலுறையையும் கழற்றினாள். அங்கே யாரும் கழற்றுவதில்லை என்று நான் சொன்னேன். "அவங்க கழட்டாட்டி நாமளும் கழட்டக்கூடாதா?" என்றாள். உள்ளே தரை ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிவைத்து, கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். உதடு அசைந்தது. என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம், சாமி கும்பிட்டால் சுற்றி வர வேண்டும் அல்லவா. பீடத்தைச் சுற்றி, பின்னால் அரை வட்டமாக ஒரு பாதை போனது. இடப்பக்கமாக நுழைந்து வலப்பக்கமாக வந்தோம். பின்பக்கத்தில் தரையோடு தரையாகப் பெரிய பெரிய கல்பலகைகள் பதித்து, எழுத்து வெட்டியிருந்தது. ஒரு கல்மேல் பூ வைத்திருந்தார்கள்.

"இது என்னங்க, தரையில பேரு எழுதியிருக்குது?"

நான் எல்லாம் தெரிந்தவன்போல் சொன்னேன். "உபயக்காரங்க பேரு. நம்ம கோயில்ல படிக்கல்லுல வெட்டியிருக்காங்கல்ல, கும்படறவங்க காலு பட்டாப் புண்ணியம்னு. அதே மாதிரிதான்."

அவள் நம்பினாள். நான் சொன்னதை எல்லாம் நம்புவாள். கல்லின்மேல் நன்றாகக் கால் பதித்து நடந்தாள், கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று. மூன்று சுற்றுச் சுற்றினோம். மூன்றாம் சுற்றில் பூ வைத்திருந்த கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரே ஒரு பூவை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "சாமியோட தலமாட்டுல வெக்கறதுக்கு" என்றாள். துரைசானி குழந்தையைத்தான் சொன்னாள்.

வெளியே வந்து கொஞ்ச தூரத்தில், பாறையின் விளிம்பில் ஒரு தோட்டம். அங்கே பார்த்தால் நம்மூர்க் கத்தாழை, நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளி. பாத்தி கட்டி, சுற்றிலும் கல் அடுக்கி வளர்த்திருந்தார்கள்.

"அட ஆண்டவனே! ஓமலூர் ரோட்டுல வேலியில கெடக்கறதக் கொண்டாந்து வெச்சுத் தண்ணி ஊத்தறாங்க. இவங்களுக்கென்ன கிறுக்கா?" என்று அவள் சத்தமாகச் சொன்னாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. "கிறுக்கு இல்லம்மா, காசு!"

திரும்பிப் பார்த்தோம். எங்களைப்போலக் கறுப்பாக, தலை நரைத்த ஒருவர். கறுப்புத் தொப்பி, கைத்தடி. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இங்கே ஒரு பணக்காரர் வீட்டில் வாசல் பார்க்கிறாராம். எட்டு வருஷமாகத் தமிழ்க் குரலே கேட்கவில்லையாம். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"சேலமா? சேலத்து மாம்பழம் சாப்ட்டு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா? ஒண்ணு கொண்டாந்திருக்கக் கூடாதா நீங்க?"

"தை மாசத்துல மாம்பழத்துக்கு எங்கீங்க போறது?" என்றாள் அம்மிணி.

"அது சரி, அது சரி. அரமனை பாத்தீங்களா? மீன் பங்களா பாத்தீங்களா? கண்ணாடிக்குள்ள மீனு உட்டு வெச்சிருக்கான். மாதா கோயிலு?"

"கும்பிட்டுட்டுத்தான் வாரோம்."

"நல்லது. ராஜா வம்சமே அங்கதாம்மா படுத்துகினு இருக்குது."

"எங்க?" என்றேன்.

"பீடத்துக்குப் பின்னாடி, தரையில. ஒரு ராஜா செத்தா அங்க கொண்டாந்து எறக்கி மேல கல்ல மூடிருவான். பேருகூட வெட்டியிருக்குமே, பாக்கல?"

நான் அம்மிணியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவர் விடாமல் கேட்டார். "அந்தப் பக்கம் போனீங்களா?"

"மூணு சுத்துச் சுத்துனோமுங்க" என்றாள் அம்மிணி.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மூணு சுத்தா! அப்ப ஒரு ராஜா பாக்கியில்லாம எல்லாரையும் மிதிச்சிட்டு வந்திருக்கீங்க!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எட்டு வருஷம் கழித்துத் தமிழில் ஒரு வேடிக்கை பேசக் கிடைத்தது, பேசினார். எனக்கும்கூட ஒரு கணம் சிரிப்பு வந்தது. சாமி இருக்கிற இடத்தில் பிணத்தைப் புதைப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? சுடுகாட்டுக்குப் போய்வந்தால் கோயிலுக்கே போகாத ஜனம் நாங்கள். அங்கே கோயிலுக்குள்ளேயே சுடுகாடு. நாங்கள் வெறுங்காலோடு, பக்தியோடு, வலம் வந்திருக்கிறோம்.

அம்மிணி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பூ கீழே விழுந்தது. கையைத் தன் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எப்பிடிங்க கொழந்தையத் தொடுவேன்?"

"ஊட்டுக்குப் போயிக் குளிச்சுக்கலாம் புள்ள."

"ஊட்டுல எங்க குளிக்கறது?"

அது உண்மைதான். எங்களுக்கு ஒரு பீங்கான் பேசினில்தான் தண்ணீர். தொட்டி இருக்கிற அறை பாட்டியம்மாவுடையது. அம்மிணி படுப்பதோ குழந்தையின் அறையில். வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும். தலை முழுகிவிட்டுத்தான் அந்த வாசலை மிதிக்க முடியும். அவள் கணக்கு அது. கீழே கடலைப் பார்த்தாள்.

"கிறுக்கா உனக்கு? இந்தக் குளுருல?"

"என்ற பையனுக்கு ஒருத்தி பண்ணுனத நான் இன்னொருத்தி பையனுக்குப் பண்ணமாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் கீழே இறங்க ஆரம்பித்தாள். புதுச்சேரிக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அம்மா, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று பின்னாலேயே ஓடிவந்தார். "கல்லறை இருக்கறது பொய்யா?" என்று நடந்துகொண்டே கேட்டாள்.

பாறைக்குக் கீழே மீன்காரர்கள் படகு இழுக்கிற சரிவு ஒன்று இருந்தது. அதில் இறங்கி, சேலையோடு கடலுக்குள் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முழுக்குப் போட்டாள். ஒவ்வொரு முழுக்கிலும் வெளியே வந்தபோது அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. போட்டிருந்த கம்பளிக் கோட்டையும் முக்கினாள்.

"கோட்ட எதுக்கு நனைக்கற? கம்பளிக்குத் தீட்டில்லைன்னு உங்கொம்மாளே சொல்லுவாங்கல்ல!"

"நம்மூருக் கம்பளிக்குத் தீட்டில்ல. இது என்ன கம்பளியோ, யாரு கண்டா?"

பல் கிட்டித்துக்கொண்டே இதைச் சொன்னாள். மேலே சாலையில் ஜனம் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். தற்கொலை என்று நினைத்துவிட்டார்போல. புதுச்சேரிக்காரர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, தலையைத் தொட்டுக் காட்டி, நீ என்ன மனுஷன் என்பதுபோல் கையை விரித்தார். சரியாகத்தான் கேட்டார்.

என் கோட்டைக் கழற்றி நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்க இன்னும் முழுகல" என்றாள். என்னையும் முழுகச் சொன்னாள். எனக்குக் கோபம். ஊர் பார்த்த சந்தோஷமெல்லாம் போய், ஒரு கூட்டத்துக்கு முன்னால் அவமானமாக நின்ற கோபம். "நானென்ன கொழந்தையத் தூக்கவா போறேன்? அப்பறம் குளிச்சுக்கறேன்" என்றேன். புதுச்சேரிக்காரர் தன் அறை பக்கத்தில்தான், அடுப்பு இருக்கிறது, காய்ந்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சினார். அஞ்சு மணிப் பாலுக்கு நேரமாகிவிடும் என்றாள்.

பஸ்ஸில் அவளை ஏற்றவில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் நடந்தோம். கடலோரச் சாலை முழுக்கக் காற்று. நான் முன்னால், அவள் பின்னால். நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு காய்ந்த சேலையும் போர்வையும் எடுத்துவந்து எதிர்கொண்டிருக்கலாம். இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது. வீம்பாக, பத்தடி முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவள் செருப்பு நீரோடு சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

ஐந்து மணிக்கு முன்பே போய்விட்டோம். குழந்தை அவளைப் பார்த்ததும் கத்திக்கொண்டு தவழ்ந்து வந்தது. சேலையை மாற்றிவிட்டு, ஈரத் தலையோடு தூக்கிக்கொண்டாள். "எஞ்சாமிக்கு ஒண்ணும் ஆகாது" என்று அதன் காதில் சொன்னாள். துரைசானி என்ன ஈரம் என்று கேட்டார். கடலோரம் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நெஞ்சில் குத்தல், மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, நிமோனியா என்றார். குழந்தையை அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை முதலில் சொன்னது அவளேதான்.

முகத்தைத் துடைக்க நான் ஈரத்துணியோடு கிட்டே போனபோது கையைத் தடுத்தாள்.

"அன்னிக்கு அப்பறம் கடலுக்குப் போயி முழுகுனீங்களா?"

"முழுகுனேன்."

"தலையோட?"

"தலையோடதான் புள்ள."

அப்புறம்தான் துடைக்க விட்டாள். நான் முழுகவில்லை. பேசினில் காலைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனவன் நான். சாகப்போகிறவளிடம் சொன்ன பொய் அது. சாகப்போகிறாள் என்று அப்போது தெரியாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் "சாமி பாலு குடிச்சுதா?" என்று கேட்டாள். குடித்தது என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். நான் கஞ்சி எடுத்துவரப் போய்த் திரும்பி வந்தேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். துரைசானி வந்து கிண்ணத்தை வாங்கி வைத்தார்.

அன்று சாயங்காலம்தான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கல்லறை, தீட்டு, கடல் எல்லாம். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "என்கிட்ட ஏன் சொல்லலே? தோட்டத்துல ஒரு வாளி வெச்சு நான் சுடுதண்ணி கொடுப்பேனே" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

ஒரு வாளி சுடுதண்ணீர். தோட்டத்தில் நின்று குளித்திருப்பாள். கேட்டால் கிடைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவ்வளவு தூரம் கப்பலில் கூட வந்தவர்கள், அந்த வீட்டில் ஒரு வாளி தண்ணீர் கேட்கத் துணியவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த அதிர்ச்சி, அவள் மூச்சு நின்றபோது வந்ததைவிடப் பெரிது. சத்தியமாகச் சொல்கிறேன்.

எரிக்க அங்கே வழியில்லை என்றார்கள். ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்த கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் புதைத்தோம். புதுச்சேரிக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். மண் போடும்போது "நான் வாயை மூடிகினு இருந்திருக்கணும்பா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. உபயக்காரர் பெயர் என்று சொன்னவன் நான்.

ஊருக்குத் திரும்பி வந்தேன். மாமியார் வாசலில் விழுந்து புரண்டார். "செத்த ராஜாங்க எம்பொண்ணு பின்னாலயே வந்துட்டாங்க, மிதிச்சவள உடுவாங்களா?" என்கிறார். தெருவே அதைத்தான் பேசுகிறது. தீட்டுக்காரி பிள்ளையைக் கொண்டுபோனாள், ராஜாக்கள் தாயைக் கொண்டுபோனார்கள் என்று. நான் டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார்கள். குளிர்தான் கொன்றது என்று பகலில் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. ஆனால் அவள் நம்பியது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் என்றால் அவள் எதற்காகச் செத்தாள்?

போன மாதம் ஏற்காட்டுக்கு மறுபடி வேலைக்குப் போனேன். குழந்தை இப்போது நடக்கிறது. ஒரு காய்ச்சல் தலைவலி வந்ததில்லையாம். என்னைப் பார்த்து யாரோ என்று துரைசானியின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவளை அதற்கு ஞாபகம் இருக்காது. அப்போது ஒரு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

அவள் படுத்திருக்கும் இடத்துக்கு நான் இனிப் போக முடியாது. அங்கே அவளுக்கு விளக்கு வைக்க ஆளில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களோ, எனக்குத் தெரியாது. எந்தச் சாமியாக இருந்தாலும் அவளுக்கும் சாமிதான். இன்னொருத்தி பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று குளிர்ந்த கடலில் மூன்று முழுக்குப் போட்ட என் அம்மிணிக்காக, நீங்கள் எல்லோரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.